கண்மாய்க் கருவையை ஏலம் விடும் முன் தூரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் நிற்கும் சீமைக்கருவேல மரங்களை (நாங்கள் கருவை என்போம்) மறுபடியும் ஏலம் விடப்போகிறார்கள். எனக்கு விவரம் தெரிந்து இது நான்காவது ஏலம். ஒவ்வொரு தடவையும் ஏலம் எடுத்தவர் ஆட்களை இறக்கி ஒரே மாதத்தில் வெட்டி முடித்துவிடுவார், கரையில் ஏறி நின்றால் தண்ணீர் தேங்குகிற உள்வாயில் மேயும் மாடுவரைக்கும் தெரியும், அப்பாடா கண்மாய் பிழைத்தது என்று ஊரே பேசிக்கொள்ளும். அப்புறம் இரண்டு ஐப்பசி மழை போதும், மடைக்குப் போகிற தடம்கூட அடைத்துக்கொள்ளும். போன வருடம் மடை திறக்கப் போன பெரியவர் காலில் முள் ஏறி, அது சீழ் வைத்து, பத்து நாள் படுத்துக் கிடந்தார்.

இப்போது நடக்கிற ஏலம் கருவையை ஒழிக்கிற வேலை இல்லை, கருவையைப் பயிர் செய்கிற வேலை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏலம் எடுத்து, கட்டையை எரித்துக் கரியாக்க மூட்டம் போடுகிறவருக்கு வேண்டியது தரைக்கு மேலே இருக்கிற கட்டை. தூரை, அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டையைத் தோண்டினால் அவருக்குக் கூலிதான் ஏறும். அதனால் தரையை ஒட்டி வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த மரத்தின் உயிரோ மண்ணுக்குள்ளே, வேரும் தண்டும் சேர்கிற கழுத்தில் இருக்கிறது. மேலே வெட்டியதும் அங்கே உறங்கிக் கிடக்கிற மொட்டுகள் விழித்துக்கொள்ளும், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு கிளைகள் கிளம்பும், மூன்று நான்கு வருடத்தில் கரிக்குத் தோதான பருமன் வந்துவிடும். உடனே அடுத்த ஏலம். கரும்பை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுகிறோமே, அதே கணக்குதான். ஏலம் எடுப்பவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, எழுதிக் கொடுத்ததை அவர் செய்கிறார். எழுதிக் கொடுக்கிற தாளில்தான் தூரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த மரம் இங்கே தானாக வரவில்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுப் பக்கத்து மரம் இது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்று மதராஸ் மாகாண வனத்துறைதான் விதை வரவழைத்தது, 1877இல் கடப்பைப் பக்கம் நட்டார்கள். எங்கள் இராமநாதபுரம் சீமையில் அது கண்டபடி பெருகியது போன நூற்றாண்டின் நடுவில், அடுப்புக்கு விறகு கிடைக்காமல் திண்டாடிய காலத்தில். அன்றைக்கு அது சோறு பொங்கக் கொடுத்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். இன்றைக்கும் மழை பொய்த்த வருடத்தில் முள் வெட்டியும் மூட்டம் போட்டும்தான் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆகவே எல்லாக் கருவையையும் ஒரே நாளில் பிடுங்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. உப்புப் பூத்த பட்டா நிலத்தில் ஒருவர் விறகுக்கு வைத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கண்மாய் உள்வாய், மழைத்தண்ணீரைக் கொண்டுவருகிற வரத்துக்கால், ஊருணி, மேய்ச்சல் புறம்போக்கு, இந்த நான்கையும் முதலில் காப்பாற்ற வேண்டும். வரத்துக்காலில் கருவை நின்றால் குப்பையும் மண்ணும் அதன் தூரில் தங்கி மேடாகி, பெய்கிற மழை கண்மாய்க்கு வராமலேயே பக்கத்துப் பொட்டலில் பரவிப் போய்விடுகிறது. நாங்கள் வருடா வருடம் படுகிற பாடு இதுதான்.

காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், பக்கத்தில் குடியிருந்தால் பிள்ளைப்பேறு இருக்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். எந்த மரமும் செய்கிற மாதிரி இதுவும் வேரால் தண்ணீரை எடுத்து இலை வழியாக வெளியே விடுகிற மரம்தான். இதன் வேர் ரொம்ப ஆழம் போகும், அடியில் புல் பூண்டு தழைக்க விடாது, வெட்டினால் இரட்டிப்பாக வரும். உண்மையான கெடுதலே இவ்வளவு இருக்கும்போது பொய்யைச் சேர்த்துச் சொன்னால், நாளைக்கு யாரும் உண்மையையும் கேட்க மாட்டார்கள்.

வெட்டினால் மட்டும் ஏன் போதாது என்பதற்கு ஆடு மாடு இன்னொரு காரணம். கருவை நெற்று, அதாவது முற்றிய காய், இனிப்பு, கோடையில் வேறு தீனி இல்லாதபோது ஆடுகள் ஓடி ஓடிப் பொறுக்கும். உள்ளே இருக்கிற விதைக்குக் கெட்டியான ஓடு, அது செரிக்காமல் புழுக்கையோடும் சாணத்தோடும் எருவும் சேர்த்து விழுகிறது. சுத்தம் செய்த கண்மாயில் அந்தக் கோடையிலேயே மந்தை இறங்கினால் நாமே விதைத்த மாதிரி. ஆடு வளர்ப்பவரைத் திட்டி என்ன பயன்? நெற்றைப் பொறுக்கி வந்து மாவாக அரைத்துத் தீவனத்தோடு கொடுத்தால் விதையும் செத்துவிடும், ஆட்டுக்கும் தீனியாகும். கிராமத்துக்கு ஓர் அரவை இயந்திரம் கொடுத்தாலே பாதிப் பரவலைத் தடுக்கலாம் என்பது என் எண்ணம். கென்யாவில் பரிங்கோ ஏரிப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள், இதே நெற்றைத் தின்று பல் போன ஆட்டை 2006இல் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். தங்கள் மண்ணில் இதைக் கொண்டுவந்து நட்டவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. அதைப் படித்தபோது எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன்.

இங்கேயும் நீதிமன்றம் போகாமல் இல்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் ஊருக்கு ஊர் ஜேசிபி இறங்கியது, அதே வருடம் இடைக்காலத் தடையும் வந்தது. அந்த அவசரத்தில் எங்கள் பக்கம் போனது சீமைக்கருவேலம் மட்டும் இல்லை. நாட்டுக்கருவேலம், உடைமரம் எல்லாம் சேர்ந்து போனது, முள் இருந்தால் கருவை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, காய் மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ நீளக் கதிராகத் தொங்கும், காய் முற்றினால் வெளிர்மஞ்சளாகிவிடும். இதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகாது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகிற மரங்களில் நாட்டுக்கருவேலமும் உண்டு. அடையாளம் தெரியாத ஆளை அங்கே இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022இல் தமிழக அரசு இந்த மாதிரி அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் எங்கள் ஊர் ஏலத் தாள் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. நான் கேட்பது, அந்தத் தாளில் மூன்று நிபந்தனை சேர்க்க வேண்டும். தூரோடு தோண்டி எடுத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. வைப்புத் தொகையில் ஒரு பகுதியை மூன்றாவது கார்த்திகை வரைக்கும் பிடித்து வைத்து, மறுபடி துளிர்க்கவில்லை என்று வந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலையும் நெற்று முற்றி உதிர்வதற்கு முன்னால் முடிய வேண்டும். மண்ணில் தங்கின விதை பல வருடத்துக்கு முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் மழை முடிந்ததும் கன்று ஒரு சாண் இருக்கும்போதே, ஈர மண்ணில் கையோடு வருகிறபோதே, அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் பிடுங்க விடலாம். முழங்கால் உயரம் வந்துவிட்டால் கை போதாது, கடப்பாரை வேண்டும். உள்வாயில் புதிதாக எதையும் நட வேண்டாம், அறுகும் கோரையும் தானே வரும். கரையில் பனை போடலாம்.

எங்கள் ஊர் ஏலத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், தேதி குறிப்பதற்கு முன்னால் அந்த மூன்று நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். வருகிற கார்த்திகையில் கன்று பிடுங்க எங்கள் தெருவிலிருந்து யார் யார் வருவோம் என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்