கிடை நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மதுரை வட்டாரத்தில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடும் கீதாரிமார்களுக்கும், கிடையில் காவல் படுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம். நானும் கிடையில் வளர்ந்தவன்தான். ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற குடாப்புக்குள் குட்டிகளோடு குட்டியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் கிடையை விடவில்லை. அறுப்பு முடிந்தால் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் எந்த வயலிலாவது ராமநாதபுரம் வெள்ளை ஆடுகளோடு அவரைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். முகம் மட்டும் கரிச்சட்டி. கோம்பை இன நாயின் கலப்பு, பெயர் கருவாயன். அவனுடைய பல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

போன பங்குனியில் அவனுக்கு வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. சீமைக்கருவேல முள் குத்தியிருக்கும் என்றார் அப்பா. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார். இரண்டு நாளில் உடைந்து சீழ் வடிந்து, நாலாம் நாள் தோல் மூடிவிட்டது. "ஆறிப்போச்சு பாத்தியா" என்று போனில் சொன்னார். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வீங்கியது. மறுபடி மஞ்சள், மறுபடி சீழ், மறுபடி ஆறிப்போச்சு. மூன்றாவது தடவை வீங்கியபோது நல்லவேளையாக நான் கிடைக்குப் போயிருந்தேன். எக்ஸெல் வண்டியில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, அவர் மடியில் கருவாயனைப் போட்டு, டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் கண்ணைப் பார்க்கவே இல்லை. நாயின் மேலுதட்டை இரண்டு விரலால் தூக்கிச் செல்போன் வெளிச்சத்தை அடித்து, "இங்க பாருங்க" என்றார். மேல் தாடையில் கோரைப்பல்லிலிருந்து பின்னால் எண்ணினால் நாலாவதாக ஒரு பெரிய பல் இருக்கும். எலும்பை நறுக்குவது அதுதான். அந்தப் பல்லின் வெளிப்பக்கம், கொட்டாங்கச்சியில் சில்லு தெறித்த மாதிரி, ஒரு பத்தையாகப் பெயர்ந்து போயிருந்தது. பெயர்ந்த இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி.

"பல்லுக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார் அப்பா. அந்தப் பல்லுக்கு மூன்று வேர், வேர்நுனி போய் முடிகிற இடம் கண்ணுக்கு நேர் கீழே, உடைந்த ஓட்டை வழியாகக் கிருமி இறங்கி வேர்நுனியில் சீழ் கட்டி அங்கே வீங்குகிறது என்று டாக்டர் சொன்னார். மேலே எத்தனை மஞ்சள் அப்பினாலும் உள்ளே அந்தப் பல் இருக்கிறவரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நல்லாத்தானேப்பா சாப்பிட்டான்" என்றார்.

இந்த வார்த்தைக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நாம் எல்லோரும் சொல்வது இதுதான். நம் கிடை நாய் என்ன சாப்பிடுகிறது? கம்மங்கூழ், சோற்றுக் கஞ்சி, மிஞ்சினால் குழம்பு ஊற்றிய சோறு. இதில் எதை மெல்ல வேண்டும்? பல்லே இல்லாத நாய்கூட வட்டிலைச் சுத்தமாக நக்கி வைத்துவிடும். சாப்பிடுகிறது என்பதை வைத்துப் பல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. போதாததற்கு, நாய் வலியை வெளியில் காட்டாத பிராணி. வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தால் கடித்துக்கொள்ளும். அதனால் மெல்லாத பக்கத்துப் பற்களில் மட்டும் மஞ்சள் காரை கெட்டியாகப் படிந்திருக்கும். ஒரு பக்கம் காரை, மறுபக்கம் வெள்ளை என்று இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பல் உடைந்த அன்றைக்குப் பார்த்தால் உடைந்த முனையின் நடுவில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு தெரியும், ரத்தம்கூடக் கசியும். அதுதான் பல்லின் உயிர், நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற சதை. அது வெளியே தெரிகிறவரை வலி பிராணனை வாங்கும். சில வாரங்களில் அது செத்துவிடும், சிவப்புப் பொட்டு கருப்பாகும், வலியும் அடங்கும். நாம் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். செத்த சதை உள்ளே அழுகத் தொடங்குவதும், வேர்நுனியில் சீழ் கட்டுவதும் அதற்கு அப்புறம்தான். கருவாயனுக்கு நடந்தது அதுதான். பல் எப்போது உடைந்தது என்று யோசித்துப் பார்த்தோம். தை மாதம் கிடாவெட்டில் யாரோ முழங்கால் எலும்பு ஒன்றை அவனுக்கு வீசியது அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அதாகவும் இருக்கலாம். இல்லையென்றால் என் தம்பியாகவும் இருக்கலாம். அவன் கருவாயனுக்குக் கூழாங்கல்லை எறிந்து கவ்வி வரச்சொல்லி விளையாடுகிறவன். அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை, சின்ன வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

வயதான நாய்களின் பல் முனை மழுங்கி, நடுவில் காப்பி நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல் மெதுவாகத் தேயும்போது உள்ளிருந்து புதிதாகக் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்ட இடம் அது. வழவழவென்று மினுங்கும், குழி இருக்காது. குழியும் கருப்பும் சேர்ந்திருந்தால்தான் கவலை. ஒரு பல் மட்டும் ஊதாவாகவோ சாம்பலாகவோ நிறம் மாறியிருந்தால், உடையாவிட்டாலும் உள்ளே உயிர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பார்ப்பதற்கு வாயைப் பிளக்க வேண்டாம். வாயை மூடியபடியே உதட்டை மட்டும் தூக்கினால் போதும், முக்கியமான பற்கள் எல்லாம் வெளிப்பக்கமாகவே தெரியும். அதற்கு முன் ஒன்று. நாய்க்குத் திடீரென்று எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, தண்ணீர் விழுங்க முடியாமல், குரல் மாறியிருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய்க்கும் இதே அறிகுறிகள்தான். அந்த எச்சில் நம் கைக்கீறலில் பட்டாலே போதும். தள்ளி நின்று டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வருடாவருடம் தடுப்பூசி போட்ட நாயின் உதட்டைத் தூக்க யாருக்கும் பயம் இருக்காது.

சரி, பல் உடைந்துவிட்டது, என்ன செய்வது? புகையிலையை வைத்து அடைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம், வாய் வெந்துபோகும். அதைவிடக் கெடுதி நம் சட்டைப்பையில் இருக்கிற மாத்திரை. மூட்டுவலிக்கு நாம் போடுகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, கிட்னியைக் கெடுத்துவிடும். மனிதனுக்கு ஒரு மாத்திரை என்றால் நாய்க்குப் பாதி என்று நாமாகக் கணக்குப் போடக்கூடாது. நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது, எடையைப் பார்த்து டாக்டர் கொடுப்பார்.

அப்புறம் குறடு. எங்கள் தாத்தா காலத்தில் ஆடிய பல்லைக் குறடு போட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள், அந்த நாய்களை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது. கோரைப்பல் வெளியே தெரிவதைவிட உள்ளே இருக்கும் வேர் நீளம், வளைவும் உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பைவிட அந்த வேர்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கும். இழுக்கிற இழுப்பில் வேர் உள்ளேயே முறியும், தாடையே விட்டுப்போனாலும் போகும்.

கருவாயனுக்கு மயக்க ஊசி போட்டு, அந்தப் பல்லை மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேராகத் தனித்தனியாக எடுத்தார்கள். முந்தின ராத்திரியே கூழை நிறுத்திவிடச் சொன்னார்கள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, "வெறும் வயித்தோடயா கட்டிப் போடுறது" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். எடுத்த துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். வெளியே தெரிந்த பல் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வேர். ஒரு வேரின் நுனி அரித்துச் சொரசொரவென்று இருந்தது. கிடாக்குட்டி ஒன்று விற்ற காசு அன்றைக்குச் சரியாகப் போயிற்று. இரண்டு வாரம் கெட்டியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். கூழ் குடிக்கிறவனுக்கு அது ஒரு பத்தியமா?

எல்லாப் பல்லையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மனிதருக்குச் செய்கிற மாதிரி வேர்ச் சிகிச்சை நாய்க்கும் உண்டு. கடித்துப் பிடிக்க வேண்டிய போலீஸ் நாய்களுக்கு அதைச் செய்து, மேலே உலோக உறை மாட்டுவதும் உண்டு. நம் நாய்க்கு அது வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் தேவையில்லை. கிடை நாயின் வேலை குரைப்பது. நரியும் திருடனும் நாய்க்கு எத்தனை பல் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருவதில்லை. நாற்பத்திரண்டில் ஒன்று போனால் நாற்பத்தொன்று. ஆனால் ஒன்றரை வயதுக்கு உட்பட்ட நாயாக இருந்து, பல் உடைந்து இரண்டு நாள் தாண்டவில்லை என்றால், உயிரோடிருக்கும் சதையின் மேல் மருந்து வைத்து அடைத்துப் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம். அதற்குப் பல் எக்ஸ்ரேயும் கை பழகிய டாக்டரும் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளூரில் அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

குட்டிக்குப் பால்பல் உடைந்தாலும், எப்படியும் விழப்போகிறதுதானே என்று விடாதீர்கள். சீழ் இறங்கினால் கீழே முளைத்துக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் சேர்ந்து கெடும்.

பகலில் நாயை இரும்புச் சங்கிலியில் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லின் பின்பக்கம் அரம் போட்டது மாதிரி தேய்ந்து, ஒரு நாள் படக்கென்று முறியும். கடிக்கிற நாய் என்றால் கழுத்தோரத்தில் சங்கிலிக்குப் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிவிடுங்கள், அல்லது வேறு விதமாகக் கட்டுங்கள். ட்யூப் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். ஆட்டுக்குளம்பு, கொம்பு, மூட்டெலும்பு எதையும் போடாதீர்கள். நாய்க்குக் கடிக்கக் கொடுப்பது எதுவானாலும், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது நகம் பதிய வேண்டும். நகம் பதியாத பொருள் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள். நம் மந்தை நாய்க்கு அந்த யோகமெல்லாம் இல்லை. அதற்காக ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட டாக்டர் கிடைக்கு வருகிறார். அன்றைக்கு நாயைத் தூரத்தில் கட்டிவிடுகிறோம், டாக்டரைக் கடித்துவிடும் என்று. இனிமேல் ஆடுகளை முடித்த பிறகு, வாயைக் கயிற்றால் கட்டியாவது அதையும் அவர் முன்னால் நிறுத்துங்கள். நடுவில், ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுகிற அன்றைக்கு, கை எப்படியும் அழுக்காகத்தான் இருக்கும், நாயின் உதட்டையும் இரண்டு பக்கமும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, பக்கத்துக் கிடை மாமாவின் நாய்க்குக் கீழ்க்கோரைப்பல்லில் சிவப்புப் பொட்டு தெரிகிறது, விடியக்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றார்.

இப்படிக்கு,
கருவாயன் வீட்டுப் பையன்,
திருமங்கலம்