பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு ஒரு சாமான் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்பான பெற்றோரே, பழைய மாணவர்களே, ரொறன்ரோ வாழ் உறவுகளே,

போன செப்டம்பரில் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் முதல் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை, தம்பியின் பழைய ஸ்கேட்ஸைக் கொண்டு வந்திருந்தாள். இரண்டு சைஸ் பெரிது. மூன்று சோடிக் காலுறை போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள். அரை மணி நேரத்தில் குதிக்கால் தோல் உரிந்துவிட்டது. அடுத்த கிழமை ஆளைக் காணவில்லை. கேட்டால், "படிப்பு கூடிப்போச்சு" என்றாள். ஸ்கேட்ஸ் வாங்கக் காசில்லை என்று எந்தப் பிள்ளைதான் வாய்விட்டுச் சொல்லும்?

எங்களுடையது பெரிய அணி இல்லை. ஐந்து வயதிலிருந்தே ஆடிப் பழகியவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணிக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் யாரும் வரலாம், பனியில் நிற்கவே தெரியாதவர்கள்கூட. தம்பியை ஹொக்கிக்கும் அக்காவைப் பரதநாட்டியத்துக்கும் அனுப்பிய வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். (எங்கள் குழுச் செயலாளரின் வீடும் இதில் அடக்கம். அவர் மறுக்கவில்லை.) 2024 ஜனவரி 1ஆம் திகதி பெண்கள் தொழில்முறை ஹொக்கி லீக்கான PWHLஇன் முதல் ஆட்டம் இங்கே ரொறன்ரோவில் நடந்த பிறகு, "இந்த வயதில் தொடங்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். தொடங்கலாம் என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் சாமான் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள்.

அதனால் ஒரு சாமான் அறை தொடங்குகிறோம். தலைக்கவசம், தோள் காப்பு, முழங்கை காப்பு, கையுறை, தடித்த காற்சட்டை, முழங்கால் காப்பு, ஸ்கேட்ஸ், மட்டை எல்லாம் அடங்கிய முழுப் பை ஒன்றை, புதிதாக வரும் பிள்ளை ஒரு பருவம் முழுவதும் இரவலாகக் கொண்டு போகலாம். பிடித்திருந்தால் அடுத்த வருடம் தனக்கென்று வாங்கட்டும். பிடிக்காவிட்டால் கழுவித் திருப்பித் தரட்டும். கழுவி என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஹொக்கிப் பையின் மணம் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மலிவாகப் பார்த்து வாங்கினாலும் ஒரு பைக்கு 600 டொலர் வருகிறது. 12 பை வேண்டும். கோல் காப்பவரின் சாமான் தனிக் கணக்கு, 2,300 டொலர். இப்போது இருப்பது டேப் சுற்றிச் சுற்றி, தோல் எது டேப் எது என்று தெரியாத நிலையில் இருக்கிறது. மொத்தம் 9,500. இதில் 2,100 டொலரைப் பிள்ளைகளே ரோல்ஸும் வடையும் விற்றுச் சேர்த்துவிட்டார்கள். மிச்சம் 7,400 டொலரைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

"பல்லுக் கில்லுப் போனால் யார் பதில் சொல்வது?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்து வீழ்த்தினால் தண்டனை உண்டு. முகம் முழுவதும் மூடிய கம்பிக்கூடு இல்லாமல் யாரையும் பனியில் இறக்குவதில்லை. நல்ல சாமானுக்குக் காசு கேட்பதும் அதற்காகத்தான்.

இப்படி ஆள் ஆளாய்க் கேட்டு அணியைக் காப்பாற்றுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1993இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், செலவைக் குறைக்கவென்று பெண்கள் ஹொக்கி அணியையே நிறுத்தப் பரிந்துரைத்தார்கள். மாகாணப் பட்டங்களை வாரிக் குவித்த அணி அது! அப்போது அதில் ஆடிக்கொண்டிருந்தவர் ஜஸ்டீன் பிளேய்னி. சிறுமியாக இருக்கும்போது பையன்கள் அணியில் ஆடும் உரிமைக்காக வழக்காடி, 1986இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றவர். கோர்ட் வாசலைக் கண்டவர் சும்மா இருப்பாரா? அவரும் தோழிகளும் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார்கள், பத்திரிகைகளிடம் கதைத்தார்கள், காசு சேர்த்தார்கள். அணி தப்பியது. 2001இல் அதே அணி தேசிய சம்பியன்.

சரி, கொடுப்பது எப்படி? பல்கலைக்கழக நன்கொடை அலுவலகம் ஊடாக எங்கள் அணியைக் குறிப்பிட்டுக் கொடுத்தால் வரிக்கான பற்றுச்சீட்டு கிடைக்கும். ரொக்கமாகத் தருபவர்கள் பொருளாளரிடம் தரலாம். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். 20 டொலரும் காசுதான், தயங்க வேண்டாம். காசுக்குப் பதில் பொருளாகவும் தரலாம். மகன் வளர்ந்துவிட்டான், அவனுடைய ஸ்கேட்ஸ் பேஸ்மென்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது என்றால் கொண்டு வாருங்கள், அதன் அடிக் கத்தியைத் தீட்டுவது எங்கள் பொறுப்பு. பாவித்த தலைக்கவசம் மட்டும் வேண்டாம். வெளியே தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவு 10.45க்குப் பயிற்சி. அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பனித்தளம் கிடைக்கிறது. குழுவில் யாராவது ஒருவர் தேநீர்ப் போத்தலோடு அரங்க வாசலில் நிற்போம். ஓகஸ்ட் கடைசிக்குள் கிடைத்தால் செப்டம்பர் முதல் பயிற்சிக்கே பைகள் தயாராகிவிடும். மகள்மாரையும் கூட்டி வாருங்கள். ஸ்கேட்ஸ் சைஸை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அணியின் பெற்றோர், மாணவர் குழு