கடைக் கண்ணாடியில் இருந்த உன் படம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பள்ளி விடுமுறைக்குப் பேத்தி பினாங்குக்கு வந்து பத்து நாளாகிறது. காலையில் ரொட்டி சானாய் வாங்கி வந்தால் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு, "பசியாறிட்டேன் தாத்தா" என்று எழுந்துவிடுகிறாள். 13 வயதுப் பிள்ளை சாப்பிடுகிற அளவா அது? சாயங்காலம் எஸ்பிளனேடு கடற்கரைப் பக்கம் நடக்கக் கூப்பிட்டால் வெயில் தாழட்டும் என்கிறாள். நெட்பால் குழுவை விட்டதற்குப் படிப்புதான் காரணம் என்று உன்னிடம் சொன்னாள் அல்லவா? கறுத்துப்போகிறோம் என்றுதான் விட்டாளாம். அம்மாவிடம் சொல்லாதீங்க என்றாள். சொல்லிவிட்டேன். என்மேல் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முந்தாநாள் கைப்பேசியைக் காட்டி, "இங்கே பாருங்க தாத்தா" என்றாள். அவள் முகம்தான், முகத்தை மாற்றிக் காட்டுகிற ஃபில்டராம். ஆனால் மூக்கு ஒடுங்கி, தாடை கூராகி, கன்னம் பீங்கான் மாதிரி இருந்தது. தலையை ஆட்டினாள், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனாள், அந்தப் பூச்சு கலையவே இல்லை. அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தன் சொந்த முகத்தைப் பார்த்தாள் பார், அந்த ஒரு நொடி என்னைத் தூங்கவிடவில்லை. நீயும் ஒருநாள் அப்படிப் பார்த்தாய்.

ஸ்டூடியோவில் நான் செய்த வேலையே அதுதானே. கறுப்பு வெள்ளை நாளில் நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து விழும். கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை, அம்மைத் தழும்பு, எல்லாம் போய்விடும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் "கொஞ்சம் கலர் கூட்டிக் கொடுங்க அண்ணே" என்று தாய்மார்கள் தணிந்த குரலில் கேட்பார்கள். நானும் கேள்வி கேட்காமல் கூட்டிக் கொடுப்பேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் மனதார நினைத்தேன்.

2002-இல், நீ பள்ளி இறுதிப் பரீட்சை எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு, நீலப் பஞ்சாபி சூட்டில் உன்னைப் படம் எடுத்தேன். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. உன் நிறத்தை ஏற்றினேன், கன்னத்தை இழுத்தேன், மேல்கையை ஒடுக்கினேன். பெரிதாகப் போட்டு முன்கண்ணாடியில் மாட்டினேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். நீ வந்து நின்று, "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டாய். "உன்னை அழகாத்தானே காட்டியிருக்கேன்" என்று சிரித்தேன்.

அதற்குப் பிறகு நீ முழுக்கைச் சட்டை தவிர வேறு போடவில்லை. அதையும் உன் அம்மாதான் கவனித்துச் சொன்னாள். அந்தக் கையை ஒடுக்கியது நான், கண்ணு. உன் சொந்தக் கையில் என்ன குறை என்று நீ தேட ஆரம்பித்தது என்னால்தான். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், அப்பாவை மன்னித்துவிடு.

பேத்தி வந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. அங்கே நன்றாகச் சாப்பிட்டு உடம்போடு இருப்பதுதான் அழகு, பிள்ளை மெலிந்தால் வீடே கவலைப்படும். ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்திருக்கிறார். டிவி வந்த புதிதில், எடை ஏறக்கூடாது என்று சாப்பிட்டதை வாந்தி எடுத்தவள் ஒருத்திகூட இல்லை. 1998-இல் கேட்டபோது 100-க்கு 11 பேர். மூன்றே வருஷம்! அதுவும் எல்லா வீட்டிலும் டிவி வந்துவிடாத ஊரில். நம் பிள்ளையின் உள்ளங்கையிலேயே அது ராப்பகலாக இருக்கிறது.

நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, விளம்பரப் படத்தில் உடம்பின் அளவையோ தோலையோ மாற்றினால் மாற்றியது என்று அதிலேயே குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். உன் படத்தின் ஓரத்தில் நான் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால், அது வேறு யாரோ என்றாவது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் போன்மேல் போட முடியாது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் ஒரு அம்மாள் பேத்தியின் கன்னத்தைத் தடவி, "கறுப்பா இருந்தாலும் களையான பிள்ளை" என்றார். பாசமாகத்தான் சொன்னார். இவளுக்குக் கேட்டது அந்த 'இருந்தாலும்' மட்டும்தான். 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரையே 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பேச்சுதான் மாறவில்லை.

இன்னொன்று. அவள் பையில் ஒரு சின்ன டப்பா கிரீம் இருந்தது. பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், 15 வெள்ளிக்கு வாங்கினாளாம். யார் செய்தது, என்ன கலந்தது, பதிவு எண் என்ன, ஒன்றும் அதில் இல்லை. இந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கிறது. பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும். அதனால்தான் சீக்கிரம் வெளுத்தது போலத் தெரிகிறது. உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுப்பது வெளியே தெரியாது. திட்டாமல் எடுத்துச் சொன்னேன், அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். எத்தனை நாள் பூசினாள் என்று தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் காட்டு, டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன்.

போனைப் பிடுங்காதே அம்மா, ஒளித்து வைத்துப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் எடையைப் பற்றி, உன் எடையைப் பற்றிக்கூட, பேச வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன். நெட்பால் டீச்சரிடமும் ஒரு வார்த்தை பேசிப் பார். பந்தைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

பழைய பெட்டியில் உன் 2002 நெகட்டிவ் கிடைத்தது. கம்ப்யூட்டரில்தானே கை வைத்தேன், ஃபிலிமில் நீ இருந்தபடியே இருக்கிறாய். சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்து எதையும் தொடாமல் பிரிண்ட் போட்டு வாங்கினேன். பேத்தி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா என்னை மாதிரியே இருக்காங்க தாத்தா" என்றாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

உன்னுடையதை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். மடங்காமல் பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா