நல்ல துணியை வெட்டி ஒட்டுவது பற்றி அம்மாவுக்கு

கிச்சனர், ஒண்டாரியோ
9-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலமும், வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் தங்கையின் நலமும் அறிய ஆவல். இக்கடிதத்தோடு ஒரு பொட்டலமும் உங்கள் கைக்கு வரும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரியுங்கள்; முதலில் பிரித்தால் என்னைத் திட்டுவீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் 'குவில்ட்' தைக்கிறேன் என்றதை நீங்கள் 'குயில்' என்று கேட்டு, அக்கம்பக்கத்தில் சொல்லியும் விட்டதாகத் தங்கை சொல்லிச் சிரித்தாள். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை என்று விளக்கிச் சொன்ன பிறகோ, "நல்ல துணியை எதற்கு நறுக்க வேண்டும், நறுக்கியதை எதற்கு மறுபடியும் ஒட்ட வேண்டும்? ஒட்டுப்போட்ட துணியில் பச்சைப்பிள்ளையைக் கிடத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் சின்னவள் அழுதுவிட்டாள், நானும் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது. நானும் முதலில் அதையே கேட்டவள்தான்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தையல் என்றால் உடுப்பைச் சரிசெய்வது மட்டும்தான். உங்கள் மாப்பிள்ளையின் உயரத்துக்கு இந்த ஊர்க் கடைகளில் பேண்ட் கிடைப்பதில்லை. ஒன்றின் காலைக் குறைத்துத் தர 18 டாலர் கேட்டார்கள். இரண்டு பேண்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதற்குக் கொடுக்க மனம் வராமல், 60 டாலருக்குப் பழைய மின்சார மிஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். அதில் ஜன்னல் திரை தைத்தேன், கடைக்கு எடுத்துப்போகும் துணிப்பைகள் தைத்தேன், சூடான பாத்திரம் பிடிக்கும் கைப்பிடித் துணிகள் தைத்தேன். பெரியவளின் பட்டுப் பாவாடையில் நீங்கள் வைத்துத் தைத்த மூன்று டக்குகளில் இரண்டைப் பிரித்துவிட்டேன். மூன்றாவது அடுத்த பொங்கலுக்குத் தாங்கும். நம்மூர்ப் பெண்கள் சிலர் இறுகிப்போன ஜாக்கெட்டுகளைக் கொண்டுவருவார்கள். உள்ளே துணி விட்டுத் தைத்த ஜாக்கெட் என்றால் அரை மணி நேர வேலை, விடாமல் தைத்தது என்றால் கையை விரித்துவிடுவேன். "உள்ளே ஒரு அங்குலமாவது விட்டுத் தை, பிள்ளை பெற்றால் பிரித்து விடலாம்" என்று நீங்கள் மிதி மிஷினில் உட்கார்ந்தபடி சொன்னது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

குவில்ட்டை நான் முதன்முதலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தது இங்கே ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். எதிர்வீட்டு மூதாட்டி என்னை அழைத்துப் போனார். இந்தப் பகுதியில் மெனோனைட்டுகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் நிறைய வாழ்கிறார்கள். 1800-ஆம் ஆண்டை ஒட்டிப் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்களின் வழியினர். அவர்களில் ஒரு பகுதியார் இன்றும் காருக்குப் பதிலாகக் குதிரை வண்டியில்தான் போகிறார்கள். மின்சாரம் வைத்துக்கொள்ளாத வீடுகளில் மிதி மிஷின்தான் ஓடுகிறது என்று கேட்டபோது, உங்கள் மிஷினுக்கு இங்கே எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று தோன்றியது. நான் போன இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு நீண்ட சட்டத்தில் துணியை விரித்துக் கட்டி, இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1920-இல் தொடங்கிய மெனோனைட் மத்தியக் குழு என்னும் நிவாரண அமைப்பு, போராலும் பேரிடராலும் வீடிழந்தவர்களுக்கு அனுப்பும் போர்வைகள் அவை. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சுத் தகடு, அடியில் ஒரே துணி.

எதற்கு இத்தனை முடிச்சு என்று கேட்க வாயெடுத்தவள், விடை தெரிந்து பேசாமல் இருந்துவிட்டேன். நம் வீட்டுப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையில் சாண் சாணுக்கு ஒரு முடிச்சு இருக்குமே, அது அறுந்த இடத்தில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டி தட்டிப் போகுமே, அதே கதைதான். பஞ்சை நகரவிடாமல் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முடிச்சிலும் பிடிக்கலாம், தையலிலும் பிடிக்கலாம். தையலில் பிடித்தால் அதுதான் குவில்ட். கையால் தைக்கும் தேர்ந்த பெண்கள் ஓர் அங்குலத்தில் எட்டு முதல் பத்து ஓடு தையல் போடுகிறார்கள். அம்மாச்சி பழைய நூல்சேலைகளை நான்காக மடித்து நமக்கு விரிப்புத் தைத்ததும் இதே ஓடு தையல்தான். நடுவில் பஞ்சு இல்லை, அவ்வளவே வேறுபாடு. ஆக, நம் வீட்டிலேயே இருந்ததைப் பார்க்கத்தான் இவ்வளவு தொலைவு வந்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல துணியை நறுக்குகிறவர்களும் இங்கே உண்டு, அதை மறைக்கவில்லை. இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. நான் போன கடையில் பருத்தித் துணி மீட்டர் 22 டாலர். அதை வாங்கி, துண்டு துண்டாக்கி, மறுபடி ஒட்டுவது எனக்கும் சம்மதமில்லை. மிச்சம் பிடிக்கப் பிறந்த வேலை செலவு வைக்கும் பொழுதுபோக்காக ஆகிவிட்டது. ஆனால் என் பெட்டியில் இருப்பவை வேறு வகை. சட்டைக்குக் காலர்தான் முதலில் நைந்து போகும். முதுகுத்துணி புதிது போலவே இருக்கும். பிள்ளைகளின் கவுன்களில் முழங்காலும் முன்பக்கமும் போன பிறகும் பின்பக்கம் தேறும். அந்தத் தேறிய பாகங்களை மட்டும் இரண்டரை அங்குலச் சதுரமாக நறுக்குகிறேன். சோமாசி ஓரம் வெட்டும் சக்கரக் கரண்டியைப் போலவே ஒரு வட்டக் கத்தி இதற்கு உண்டு. அடியில் ரப்பர்ப் பாய், மேலே கண்ணாடி போன்ற அளவுகோல், ஓர் இழுப்பில் நான்கு அடுக்குத் துணி வெட்டிவிடும். விரலையும் அதே சுலபத்தில் வெட்டும் என்பதைச் சொல்லிக் காட்ட வேண்டாம், தழும்பு ஆறிவிட்டது.

நான் அவமானப்பட்டது தையலில்தான். ஒன்பது சதுரங்களை மும்மூன்றாக இணைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் வர வேண்டும். எனக்கு ஆறுதான் வந்தது. நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், மீண்டும் ஆறு. எதிர்வீட்டு மூதாட்டி கட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அளவுகோலை என் தையலின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். இந்த வேலையில் தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம், அதற்கு ஒரு நூல்கூட மிகக் கூடாது. என் கை, உங்களிடம் பழகிய கை, தானாகவே அரை விரற்கடை விட்டுத் தைத்திருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் அரைக்கால் அங்குலம் கூடுதலாக உள்ளே போய், கட்டத்துக்கு அரை அங்குலம் குறைந்துவிட்டது. எட்டுக் கட்டம் வரிசையாக வைத்தால், அவற்றை இணைக்கும் முன்பே நான்கு அங்குலம் காணாமல் போகும். "உள்ளே துணி விடாமல் எப்படி? பிறகு பெரிதாக்க வேண்டுமென்றால்?" என்று கேட்டேன். "இதை எவரும் பெரிதாக்க மாட்டார்கள்" என்றார். ஒரு மாதம் ஆயிற்று என் கையை மாற்ற. இப்போதும் ஜாக்கெட் தைத்துவிட்டு இதற்கு வந்தால், முதல் இரண்டு தையல் பழைய அளவில்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தங்கை வழியாக எப்படியும் உங்களுக்குத் தெரியவரும். நீங்கள் கொடுத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிகளில் அந்தச் சிவப்புச் சேலை, பூச்சிக்கூடு போல் பொட்டுப் பொட்டாக வெள்ளை விழுந்திருக்குமே, அதன் முந்தானை நைந்துவிட்டதால் எடுத்து நறுக்கி, வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பெரியவளுக்கு ஒரு போர்வை தைத்தேன். மூன்று மாத வேலை. தைத்து முடித்து, முதல் தடவையாகத் துவைக்கும் மிஷினில் போட்டு எடுத்தால், வெள்ளை முழுவதும் ரோஜா நிறம். ஆறு வருடம் கட்டிய சேலைதானே, சாயம் நின்றிருக்கும் என்று நினைத்துவிட்டேன். கட்டிய நாட்களில் எப்போதும் குளிர்ந்த தண்ணீரில் தனியாகவே அலசியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. வெந்நீர் அதை ஒரே நாளில் வெளியே கொண்டுவந்துவிட்டது. நல்லவேளையாக அதைச் சூட்டில் உலர்த்தவில்லை. உலர்த்தியிருந்தால் கறை பிடித்துக்கொண்டிருக்கும். குளியல் தொட்டி நிறைய வெந்நீர் பிடித்து, பாத்திரம் துலக்கும் திரவத்தை ஊற்றி, துணி நன்றாக முழுகி மிதக்கும்படி இரவு முழுவதும் ஊற வைத்து, தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது தண்ணீரில் தெளிந்தது. ஒரு மூலையில் மட்டும் இளஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது. பெரியவள் அந்த மூலையைத்தான் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நீங்கள் முதல் தண்ணீரில் கல் உப்புப் போடச் சொல்வீர்கள். உப்பு சாயத்தை நிறுத்தும் என்பதில் இங்குள்ளவர்களுக்கு நம்பிக்கையில்லை, தனியாக அலச வேண்டும் என்பதில் உண்டு. இப்போது எந்தத் துணியையும் நறுக்கும் முன் வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றீர்கள். போன மே மாதம், பக்கத்திலுள்ள நியூ ஹாம்பர்க்கில் மெனோனைட்டுகள் நடத்தும் நிவாரணச் சந்தைக்குப் போயிருந்தோம். 1967-இல் தொடங்கிய சந்தை அது. அங்கே குவில்ட்டுகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடித்து ஏலம் விடுகிறார்கள். ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகிறவையும் உண்டு, பணம் முழுவதும் நிவாரணத்துக்குப் போகிறது. அவற்றில் 'மரவீடு' (லாக் கேபின்) என்னும் ஒரு வகையில், நடுவில் சிறு சிவப்புச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டைப் பட்டையாக, ஒரு பாதி வெளிர் நிறத்திலும் மறுபாதி அடர் நிறத்திலும் துணி வைக்கிறார்கள். சிவப்பு, மரவீட்டின் நடுவிலுள்ள அடுப்புத் தீயாம். ஒட்டுத்துணி என்று முகம் சுளிப்பவர் எவரும் அங்கே இல்லை. திண்டுக்கல்லில் இருப்பார்கள், தெரியும். தங்கையின் மாமியார் ஏதாவது சொன்னால், கனடாவிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். பிறகு வாய் திறக்க மாட்டார்.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். அதில் இருப்பது பிறக்கப்போகும் பிள்ளைக்கான விரிப்பின் மேல்துணி மட்டும்: 30 அங்குல அகலம், 42 அங்குல நீளம், 35 கட்டம். சித்திரை வெயிலில் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பஞ்சு வைத்து அனுப்பினால் அது எனக்கே நியாயமாகப் படவில்லை. ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் இருக்கும் சிறு சதுரங்கள் உங்கள் மாப்பிள்ளையின் சட்டைகளும் பிள்ளைகளின் கவுன்களும். இடையிலுள்ள வெள்ளைக் கட்டங்கள் அவர் ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் வேட்டிகளில் ஒன்று. அவருக்கு இது இன்னும் தெரியாது. பஞ்சுக்குப் பதிலாக உள்ளே வைக்கவும் அடியில் கொடுக்கவும் உங்கள் பழைய நூல்சேலை இரண்டு வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் மெத்தென்று இருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள், அதனால் புதுச்சேலையைத் தொட வேண்டாம். சேலைகளை நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, கூடத்தில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே இதைப் பரப்பி, நான்கு விரற்கடைக்கு ஓர் ஊக்குக் குத்துங்கள். நடுவிலிருந்து வெளியே போகும்படி, கட்டங்களின் ஓரத்தை ஒட்டி ஓடு தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். கண் அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது, ஆகவே பகல் வெளிச்சத்தில், நாளுக்கு ஒரு வரிசை போதும். ஓரத்துக்கான பட்டியை 160 அங்குல நீளத்துக்கு இணைத்து, இரண்டாக மடித்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். மூலை வரும்போது கால் அங்குலத்துக்கு முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேல்நோக்கி மடித்து, பிறகு கீழே இறக்குங்கள். மூலை கூராக வரும். பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள்.

ஆனால், அம்மா, பிள்ளைக்குக் கீழே விரிக்க மட்டுமே இது. பச்சைப்பிள்ளை தூங்கும்போது மேலே போர்த்தக் கூடாது என்று இங்கே செவிலியர் படித்துப் படித்துச் சொன்னார்கள்; தங்கையிடமும் சொல்லிவையுங்கள்.

மேல்துணியைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே கால் அங்குலம்தான் விட்டிருக்கிறேன். தைத்து முடித்ததும் எந்தெந்தச் சேலையை உள்ளே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அத்தைக்கும் சித்திக்கும் என் வணக்கம். தங்கைக்கு அன்பு.

உங்கள் அன்பு மகள்