"முடிந்தது" என்று எழுதும் இடத்தில் எண்ணை எழுதுங்கள்

சிறுநீரக மருத்துவர்களுக்கும் டயாலிசிஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் அண்ணன் ஆறு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: முடிந்தது" என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸுக்கு ஊசி போட்டது உண்மைதான். அது பிடித்ததா என்று ரத்தத்தில் பார்த்தது இரண்டு வருடம் கழித்து, அதுவும் நாங்கள் கேட்ட பிறகு. ஊசி பிடித்தால் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி லிட்டருக்கு 10 யூனிட்டுக்கும் கீழே. அதாவது பாதுகாப்பு இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே மருந்து, அதே அட்டவணைதான். அவருக்கு நூறைத் தாண்டியிருந்தது. "உங்க உடம்புல சத்து இல்லைங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்று முழுக்கப் பேசவில்லை, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சிறுநீரகம் செயலிழந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி மந்தமாகும். அதனால்தான் இவர்களுக்குத் தடுப்பூசி அளவையே இரட்டிப்பாக்கி 40 மைக்ரோகிராம் போடுகிறீர்கள். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. வைரஸின் துணுக்குகளை எடுத்து, எதிர்ப்பைத் தூண்டும் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குக் காட்டுபவை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதியாக வரும் சொத்து அது. எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒன்றான டி.ஆர்.பி.1-இல் 03, 07 வகை உள்ளவர்களுக்கு இந்தத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போவது கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹெபடைடிஸ் பி நாள்பட்ட நோயாக நிலைப்பதற்கும் எச்.எல்.ஏ.-டி.பி. பகுதிக்கும் தொடர்பு உண்டென்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டார்கள். அதே ஆண்டில்தான் ஹெபடைடிஸ் சி வைரஸைச் சிலர் உடம்பு தானாகவே விரட்டிவிடுவதற்கும் ஐ.எல்.28பி மரபணுப் பகுதிக்கும் உள்ள உறவு வெளிவந்தது. இப்போது மாத்திரைகள் டயாலிசிஸில் இருப்பவர்களையும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணப்படுத்துவதால், சி-யின் சிகிச்சையில் அந்த மரபணுவுக்கு முன்பிருந்த முக்கியத்துவம் இல்லை. பி அப்படியில்லை. மருந்தால் அதை அடக்கி வைக்கலாம், உடம்பைவிட்டு முழுதாக விரட்டுவது அபூர்வம். அதனால்தான் தடுப்பூசி பிடித்ததா என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

நான் கேட்பது புதுப் பரிசோதனை இல்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் எச்.எல்.ஏ. ரிப்போர்ட் ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. தானம் கொடுப்பவரோடு பொருந்துகிறதா என்று பார்த்ததோடு அதை மூடிவிடுகிறோம். அதையும் தடுப்பூசி ரிசல்ட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், சேர்த்துப் பதியுங்கள். ஒருவருக்கு எத்தனை ஊசி என்று மரபணுவைப் பார்த்து முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை, தெரியும். அது வரவேண்டுமானால் இந்தக் கணக்குகள் டயாலிசிஸ் கட்டிலிலிருந்தே கிடைக்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடம் எடுத்த கணக்கு எங்களுக்கு அப்படியே பொருந்தாது.

அதுவரை, கடைசி ஊசி போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி பாருங்கள். அப்புறம் வருடம் ஒரு முறை. 10க்குக் கீழே இறங்கினால் பூஸ்டர் போடுங்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் நார்மல், அதனால் தொற்று இல்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது இயல்பாகவே குறைவாகத்தான் காட்டும். ஊசி பிடிக்காதவரிடம் உடம்பில் சத்தில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அண்ணனுக்கு இரண்டாம் சுற்று ஊசி போன வாரம் முடிந்தது. அடுத்த மாதம் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இந்த முறை ஃபைலில் அந்த எண்ணையே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் நோயாளியின் தங்கை