கைப்பிடி உப்பில் களப்பு வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து வளர்ப்பு மீன் கடைகளில் ஸ்கட், மோனோ, பச்சைப் பேத்தை போன்ற களப்பு மீன்களைத் தங்கமீனுக்கு அடுத்த தொட்டியிலேயே வைத்து விற்பதுண்டு. எப்படி வளர்ப்பதென்று கேட்டால், "கைப்பிடி உப்பு போடுங்க, போதும்" என்று சொல்லியனுப்புவார்கள். சில மாதங்களில் மீன் நிறம் கறுத்து, செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். உப்புத்தான் குறைந்துவிட்டதென்று இன்னொரு கைப்பிடி விழும். உண்மையில் கோளாறு உப்பில் மட்டுமல்ல, நமது மலைத் தண்ணீரிலும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படியும். தேயிலை மலைப் பீலித் தண்ணீரில் அநேகமாக ஒன்றும் படியாது. சுண்ணக்கல் பட்டைகள் உள்ள மாத்தளை, திகனைப் பக்கம் கதை வேறு. மற்ற இடங்களில் பெரும்பாலும் கருங்கல் இனப் பாறை, ஆகவே கேத்தலில் வெள்ளையாகப் படிவதைத் தரும் காபனேற்று நீரில் மிகக் குறைவு. மீனின் கழிவை வடிகட்டியிலுள்ள பற்றீரியா மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதை அடக்குவது காபனேற்றுத்தான். அது தீர்ந்தால் பி.எச். (நீரின் அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம்) 6.5க்குக் கீழே இறங்கும், பற்றீரியா சோர்ந்துவிடும், அமோனியா சேரும். களப்பு மீனுக்கோ 7.5 முதல் 8.4 வரை வேண்டும். சமையல் உப்பை எவ்வளவு கொட்டினாலும் இது சரிவராது, ஏனென்றால் அது வெறும் சோடியம் குளோரைட்டு. உப்பளத்தில் முதலில் ஜிப்சம் படிந்து பிரிகிறது, பிறகு உப்பு விளைகிறது, மக்னீசியம் மிகுந்த கடைசி நீரை வடித்து விடுகிறார்கள். கடலில் இருந்த மற்றவை எல்லாம் வழியிலேயே கழன்றுவிடுகின்றன.

ஆகவே கடல்மீன் தொட்டிக்கென விற்கும் கலவை உப்பைத்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் மாற்று இல்லை. 100 லீற்றருக்கு 900 கிராம் போட்டால் சாரடர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) ஏறக்குறைய 1.005 வரும், ஒன்றரைக் கிலோ போட்டால் 1.010. ஒப்பிட்டுப் பார்க்கக் கடல்நீர் 1.025. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 1.005இல் கலவை உப்பு தருவது கடல்நீரின் காபனேற்றில் கால் பங்கு, அதாவது காபனேற்றை அளக்கும் கே.எச். கணக்கில் 2 பாகை அளவே. குறைந்தது 7 வேண்டும். மிச்சத்தை அப்பச் சோடாவால் நிரப்பலாம்: 100 லீற்றருக்கு 3 கிராம் ஒரு பாகையை உயர்த்தும், எனவே 15 முதல் 18 கிராம். கழுவி உடைத்த சிப்பி ஓடு இரண்டு கிலோவை வடிகட்டியில் வைத்தால் பி.எச். விழும் வேளையில் தானாகக் கரைந்து தாங்கும். தோட்டத்து ஸ்டோரிலிருந்து டொலமைற் தூள் கொண்டுவந்து போட வேண்டாம்: தண்ணீர் கலங்குமே தவிர வேகமாகக் கரையாது.

ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே மீன் வாடிக் கிடக்கும் பழைய தொட்டியில் சோடாவை ஒரேயடியாகக் கொட்டினால் அன்றிரவே எல்லாம் மிதக்கும். பி.எச். 6.5இல் அமோனியாவில் ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை, 8க்கு ஏறினால் நூற்றுக்கு ஐந்தாகிவிடும். முதலில் இரண்டு மூன்று நாட்களுக்குத் தினமும் கால்வாசி நீரை மாற்றி, அமோனியாவைச் சோதித்து, பிறகு சோடாவை நாளுக்குக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உப்பும் அப்படித்தான், சாரடர்த்தியை வாரத்துக்கு 0.002க்கு மேல் ஏற்றினால் வடிகட்டிப் பற்றீரியா தாங்காது.

உப்பை பிளாஸ்டிக் பீப்பாயில் முதல்நாளே கலக்கிக் காற்றுப் பம்ப் போட்டு விடுங்கள். தகர வாளி கூடாது, உப்பு நாகத்தை அரித்து நீரில் இறக்கும். சாரடர்த்தியை அளக்கும் நீரமானி பெரும்பாலும் 25 பாகை செல்சியஸுக்கு ஒட்டிச் செய்யப்பட்டது. நுவரெலியாவில் 15 பாகையில் கிடக்கும் நீரில் மிதக்கவிட்டால் உள்ளதைவிட 0.002 கூடுதலாகக் காட்டும். 1.005 என்று நம்பி ஊற்றுவது உண்மையில் 1.003ஆக இருக்கும். ஒரு குவளை நீரைச் சூடாக்கி 25 பாகையில் அளந்தால் தீர்ந்தது.

குளிர் இன்னொரு சங்கடம். இந்த மீன்களுக்கு 25 முதல் 28 பாகை வேண்டும். பத்துப் பாகைக்கு மேல் உயர்த்த வேண்டிய வீட்டில் லீற்றருக்கு 2 வற் என்று கணக்கிடுங்கள். 200 லீற்றர் தொட்டிக்கு 200 வற் ஹீற்றர் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது இரவைத் தாங்கும். அடியிலும் மூன்று பக்கங்களிலும் ரெஜிபோம் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி வைத்தால் மின்கட்டணம் கண்டபடி ஏறாது, மின்வெட்டிலும் சூடு சில மணிநேரம் நிற்கும். உப்புநீர் வயரில் வழிந்து பிளக்கைத் தொடாதபடி வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே எடுக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயன் அறையில் இந்த வேலையே வேண்டாம்.

காற்றுப் பம்பை இரவில் நிறுத்துபவர்கள் கவனிக்க: 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் ஒட்சிசனும் அந்த அளவே குறையும். சூடும் உப்பும் இன்னும் குறைக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பசியால் அல்ல.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு ஒட்டி, குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். மாற்றும் நீருக்கு மட்டுமே உப்பு.

எந்த மீன் என்பதையும் யோசிக்க வேண்டும். ஸ்கட் ஓரடி வளரும், முதுகு முள் குத்தினால் கடுக்கும். பேத்தைக்கு ஓட்டு நத்தை கிடைக்காவிட்டால் பல் வளர்ந்து இரை எடுக்க முடியாமல் போகும். சிறிய தொட்டிக்கு நம் நாட்டுக் களப்புகளிலேயே உள்ள செம்மஞ்சள் குரொமைட் ஏற்றது: விரல் நீளம்தான், 1.003இலேயே நன்றாக இருக்கும். கடைக்காரர்கள் தங்கள் தொட்டியின் சாரடர்த்தியையும் பி.எச்.ஐயும் ஒரு துண்டில் எழுதி ஒட்டினால் வாங்குபவர் அதே அளவில் வீட்டுத் தொட்டியைத் தயார் செய்துவிட்டு வரலாம்.

மாற்றி எடுக்கும் நீரை போஞ்சி, லீக்ஸ் பாத்திக்கு ஊற்றுவதைத் தவிர்க்கவும். 1.005 நீர் 50 லீற்றரில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான உப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
மீன்தொட்டி ஆர்வலர் சிலர்,
ஹட்டன்.