ஏ. எம். ராஜாவின் பாட்டுத் தொகுப்பைப் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் வளர்மதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் நானும் நலம். அங்கு மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய, பழைய திரைப்படப் பாடகர் ஏ. எம். ராஜாவின் பாடல் தொகுப்பை முழுவதும் கேட்டுவிட்டேன். 'தலைசிறந்த பாடல்கள்' என்று மேலே போட்டிருக்கிறார்களே, அந்தப் பெயருக்கு இது தகுமா, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசினால் உன் வேலைக்கு நடுவே பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். பாடல்களில் குறையில்லை, தொகுத்தவர்களுக்கு ராஜா யார் என்பது பாதிதான் தெரிந்திருக்கிறது. அதுதான் என் மனத்தாங்கல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வின் 'வாராயோ வெண்ணிலாவே', 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' ஆகிய இரண்டும் இருக்கின்றன. அதே ஆண்டு வெளியான 'குலேபகாவலி'யின் 'மயக்கும் மாலைப் பொழுதே', அடுத்த ஆண்டு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் 'மாசிலா உண்மைக் காதலே', 'களத்தூர் கண்ணம்மா'வின் 'ஆடாத மனமும் ஆடுதே' என்று, எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடல்களை விட்டுவிடாமல் சேர்த்திருக்கிறார்கள். சௌந்தரராஜனும் சி. எஸ். ஜெயராமனும் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் குரலில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், ராஜா ஒரே ஒருவர் காதில் மட்டும் விழ வேண்டும் என்பதுபோலப் பாடினார். 'மயக்கும் மாலைப் பொழுதே நீ போ போ' என்ற அடியைக் கவனித்துக் கேள். மாலையைப் போகச் சொல்கிறார், அடுத்த அடியில் இரவை வரச் சொல்கிறார். 'போ போ' என்பதை வேறு எவரும் விரட்டுவதாகவே பாடியிருப்பார்கள். ராஜா இரண்டாவது 'போ'வை முதலாவதைவிடத் தணித்து, கெஞ்சுகிற பாவனையில் விடுகிறார். 'வா வா' வரும்போதும் குரல் உயர்வதில்லை. பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுத்த காலத்தில் இந்த ஓர் இடத்தை மாணவிகளிடமிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுருதி சேர்ந்துவிடும், அந்த அடக்கம் மட்டும் வராது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பழைய ஒலிப்பதிவைச் சுத்தம் செய்கிறோம் என்று இரைச்சலை நீக்கும்போது, வயலின்களின் ஓரத்தையும் பாடகர் மூச்செடுக்கும் ஓசையையும் சேர்த்தே வழித்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பாடல்களில் புதிதாகத் தாளக்கருவியை ஏற்றியிருப்பது அதைவிட மோசம். ராஜாவின் குரல் தாளத்துக்கு ஒரு நூலிழை பின்னால் நின்று வருவது. மேலே ஒரு டிரம் ஓங்கி விழுந்தால் அவர் தடுமாறிப் பாடுவதாகத் தோன்றும். பிள்ளைகள் முதன்முதலில் கேட்பது அப்படிப்பட்ட பதிவாக இருக்க வேண்டாம்.

பாடல்களோடு ஆண்டும் இல்லை, பாட்டெழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இல்லை. இலங்கை வானொலியில் ஒரு பாட்டைப் போடுவதற்கு முன் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். எங்கள் தலைமுறைக்குத் திரையிசையில் யார் என்ன செய்தார்கள் என்ற அறிவு வந்தது அந்த அறிவிப்புகளால்தான். ராஜாவின் தொகுப்பில் இது சிறு குறையாகாது. ஏனென்றால், இதிலுள்ள பாடல்களில் ஒரு பகுதி அவர் பிறருடைய மெட்டுக்குப் பாடியவை, மறுபகுதி அவரே மெட்டமைத்தவை. எது எந்த வகை என்று தெரியாமல் கேட்பவர், நிலா, தென்றல், காதல் என்று ஓர் இனிய குரலை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

இயக்குநர் ஸ்ரீதர் 1959இல் 'கல்யாண பரிசு' எடுத்தபோது ராஜாவை இசையமைப்பாளராக அமர்த்திக்கொண்டார். பாடல்கள் முழுவதும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. அதே ஆண்டு அக்டோபரில் இருபத்தொன்பது வயதில் அந்தக் கவிஞர் மறைந்தார். அந்தப் படத்திலிருந்து உன் தொகுப்பில் 'வாடிக்கை மறந்ததும் ஏனோ'வும் 'உன்னைக் கண்டு நான் வாட'வும் இருக்கின்றன. முதலாவது சரி. இரண்டாவது பாட்டைத் தனியாக எடுத்துப் போட்டதில்தான் எனக்கு ஆற்றாமை. அந்த மெட்டு படத்தில் முதலில் சுசீலாவின் குரலில், 'உன்னைக் கண்டு நான் ஆட' என்று தீபாவளிக் குதூகலமாக வருகிறது. பிறகு அதே மெட்டை நடை தளர்த்தி, சோகமாக்கி ராஜா பாடுகிறார். முன்னதைக் கேட்டிருந்தால்தான் பின்னதில் எது பறிபோயிருக்கிறது என்பது காதுக்குத் தெரியும். மத்தாப்போடு துள்ளிய அதே சுரங்கள் இப்போது இறங்கி வருகின்றன. வார்த்தை காதில் விழுமுன்பே மனம் கனத்துவிடுகிறது. 'காதலிலே தோல்வியுற்றான்' பாட்டுக்கும் இதுபோலவே சுசீலாவின் குரலில் ஓர் இணை உண்டு. தொகுத்தவர்கள் ராஜா குரல் வரும் பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள். அந்த மற்றப் பாதியும் அவர் செய்ததுதானே, வளர்மதி?

அவருடைய தாராள மனம் வெளிப்படும் இடமும் அதுதான். தன் இசையில் எல்லாவற்றையும் தானே பாடிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதே படத்தின் 'துள்ளாத மனமும் துள்ளும்' பாட்டை ஜிக்கியிடம் கொடுத்தார். தம் மனைவி என்பதற்காக அல்ல, அந்தப் பாட்டுக்குத் தேவையான கொஞ்சலும் நிமிர்வும் சேர்ந்த குரல் ஜிக்கிக்குத்தான் இருந்தது என்று கேட்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். காஷ்மீரில் படமாக்கப்பட்டு 1961இல் வெளியான 'தேன் நிலவு'க்குக் கண்ணதாசன் எழுத இவர் இசையமைத்தபோது, 'பாட்டுப் பாடவா', 'நிலவும் மலரும் பாடுது' போன்றவற்றைத் தாம் பாடினாலும், 'ஊரெங்கும் தேடினேன்' ஜிக்கிக்கும் 'மலரே மலரே தெரியாதா' சுசீலாவுக்கும் போயின. பாடகர் தொகுப்பில் அவர் பாடாத பாட்டுக்கு என்ன வேலை என்று நீ கேட்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். ராஜா விஷயத்தில் அந்தப் பாடல்களைத் தள்ளிவிட்டால், அவர் குரலை எப்படி உணர்ந்திருந்தார், எந்த இடத்தில் அது போதாது என்று முடிவு செய்தார் என்பதும் போய்விடுகிறது.

1962இன் 'ஆடிப்பெருக்கு' படத்திலிருந்து 'தனிமையிலே இனிமை காண முடியுமா' வைத்திருக்கிறார்கள். அவருடைய பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. 'தனிமையிலே' என்று அவர் நீட்டும்போது அந்தச் சொல் முடியும் வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு தமிழில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. ஜெமினி கணேசனுக்கு பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடினார், அவரும் அருமையாகவே பாடினார். பத்தாண்டுகள் கழித்து 'ரங்கராட்டினம்' படத்தில் 'முத்தாரமே', 'புகுந்த வீடு' படத்தில் ஜிக்கியோடு 'செந்தாமரையே' என்று மீண்டும் வந்தார். குரல் சற்றுத் தடித்திருந்தாலும் பழைய அடக்கம் குலையவில்லை. தொகுப்பில் 'முத்தாரமே'யைக் கொண்டுபோய் 'மிஸ்ஸியம்மா' பாட்டுக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள். ஆண்டும் போடாமல் இப்படிக் கலந்து வைத்தால், இடையில் போன பதினாறு ஆண்டுகளைப் பிள்ளைகள் எப்படிக் கண்டுகொள்வார்கள்?

ஆகவே, அந்தத் தொகுப்பைப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம். பாடல்கள் தனித்தனியாகவே கிடைக்கின்றன. பழைய பதிவாகப் பார்த்து நீயே வரிசைப்படுத்திக்கொள். 1951இன் 'சம்சாரம் சம்சாரம்' முதலில் வரட்டும். இருபது வயதைத் தாண்டியிராத குரலாகத்தான் அது கேட்கும். பிறகு 'மயக்கும் மாலை', 'மிஸ்ஸியம்மா'வின் இரண்டு பாடல்கள், 'மாசிலா உண்மைக் காதலே'. அதன்பின் 'கல்யாண பரிசு' பாடல்கள் அனைத்தையும், படத்தில் வரும் முறையிலேயே, இணைப் பாடல்களைப் பிரிக்காமல் வை. 'தேன் நிலவு'ம் 'ஆடிப்பெருக்கு'ம் தொடரட்டும். மாப்பிள்ளைக்கு மலையாளம் புரியும் என்பதால் 1962இல் 'பார்யா' படத்துக்காக தேவராஜன் இசையில் ராஜாவும் சுசீலாவும் பாடிய 'பெரியாறே பெரியாறே'யையும் அங்கே சேர்த்துக்கொள். 'முத்தாரமே'யும் 'செந்தாமரையே'யும் கடைசியில்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டு, கவிஞர், இசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சின்னவளிடம் கொடுத்து பாட்டு தொடங்குமுன் வாசிக்கச் சொல். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்கும் பயிற்சியாக இருக்கும். சந்தேகம் வரும் பெயர்களைக் குறித்து அனுப்பு; என்னிடமுள்ள பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் சொல்கிறேன். பெரியவனுக்கு எந்தப் பாட்டு பிடித்தது என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா